சித்திரைக்குத் தாங்காத வேகம்

எங்கள் ஊரில் ஓவர்கிளாக்கிங் என்று யாரும் சொல்வதில்லை. "கொஞ்சம் ஸ்பீடு ஏத்திக் குடுங்ணா" என்பார்கள், மொபெட்டின் கார்புரேட்டரைத் திருகச் சொல்வதைப் போல. எருத்தேன்பதியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஸ்பீடு ஏற்றிக் கொடுத்து நான் சம்பாதித்தது கொஞ்சம். ஏற்றிய வேகம் நிற்காமல் திரும்பி வந்த பெட்டிகளோடு மல்லுக்கட்டித் தூக்கத்தைத் தொலைத்த ராத்திரிகள்தான் அதிகம்.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் மிச்சம் புரியும். பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். வீட்டிலும் வீதியிலும் தமிழ், பஸ் போர்டில் மலையாளம். கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் நினைக்கும் மழையும் ஈரமும் இங்கே இல்லை. தென்னந்தோப்பு, கடலைக்காடு, ஆழ்துளைக் கிணறு. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் முன்னால் இருப்பதால் மார்கழி, தை மாதங்களில் கிழக்கே இருந்து வரும் வறண்ட காற்று செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து வாசலில் கொட்டும். பங்குனி பிறந்தால் வெயில். பார்ட்ஸ் வாங்க வேலந்தாவளம் தாண்டிக் கோயமுத்தூர் காந்திபுரம் போவேன். அங்கே ஒரு சர்வீஸ் கடையில்தான் இந்தத் தொழிலும் படித்தேன்.

அந்தக் கடை அண்ணன்தான் எனக்கு முதன்முதலில் ஸ்பீடு ஏற்றிக் காட்டினார். 1998-ல் வந்த செலரான் 300ஏ, அப்போதே பழைய சரக்கு. உள்ளே பெருக்கல் எண் 4.5, அதை மாற்ற முடியாது. வெளியிலிருந்து வரும் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். அதை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-ல் ஓடும். அண்ணன் பயாஸில் ஒரே ஒரு எண்ணை மாற்றினார், மிஷின் எழுந்தது, திரையில் 450 என்று வந்தது. எனக்கு மந்திரம் பார்த்த மாதிரி இருந்தது. "எந்திரிச்சிருச்சுன்னு சந்தோசப்படாத. நிக்குதான்னு பாரு" என்றார் அண்ணன். அதன் அர்த்தம் புரிய எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கான்கிரீட் போடும் வரிசையை. மிக்சரிலிருந்து மொட்டை மாடி வரை ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுகிறார்கள். ஒரு தாளம் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் சட்டி அடுத்த கைக்குப் போயிருக்க வேண்டும். மேஸ்திரி தாளத்தைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் வரிசையில் மெதுவான ஆள் ஒருவர் எப்போதும் இருப்பார், அவர் கையில்தான் சட்டி நழுவும். வோல்ட்டேஜ் கூட்டுவது ஆட்களுக்கு டீயும் வடையும் கொடுப்பது போல, கை வேகமாகும். கூடவே உடம்பும் சூடேறும். சூடேறிய கை மறுபடியும் தளரும். ப்ராசசருக்குள் நழுவும் சட்டிதான் தப்பான விடை. அது முக்கியமான இடத்தில் விழுந்தால் நீலத் திரை, முக்கியமில்லாத இடத்தில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. தெரியாமல் விழுவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 2007-ல் வந்த பென்டியம் இ2160-ஐ ஊரில் நாலைந்து பேருக்கு மாட்டிக் கொடுத்தேன். பெருக்கல் எண் 9, துடிப்பு 200, ஆக 1.8 கிகாஹெர்ட்ஸ். துடிப்பை 266 ஆக்கினால் 2.4. விலைக்கு மேல் கிடைக்கும் வேகம். ஒரு மிஷின் மட்டும் விண்டோஸ் ஏற்றும்போதே ஏதோ ஒரு ஃபைல் கெட்டுப்போனது என்று நிற்கும். இன்னொரு நாள் வேறு ஃபைல். சிடியைச் சந்தேகப்பட்டேன், டிரைவை மாற்றினேன், ஹார்ட் டிஸ்க்கை மாற்றினேன். ப்ராசசர் தாங்கவில்லை என்று வோல்ட்டேஜைக் கூட்டினேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

கடைசியில் காகிதத்தில் கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. அந்த போர்டில் ரேமின் வேகமும் அதே துடிப்பிலிருந்துதான் வருகிறது. விகிதம் 3-க்கு 5. துடிப்பு 200 இருந்தபோது ரேம் 333, அதாவது டிடிஆர்2 667, வாங்கியதும் அதுதான். துடிப்பை 266 ஆக்கியதும் ரேம் 443-க்குப் போய்விட்டது. 667 என்று லேபிள் ஒட்டிய ரேமை 887-ல் ஓட்டிக்கொண்டு ப்ராசசரைத் திட்டியிருக்கிறேன். விகிதத்தை 4-க்கு 5 ஆக்கினேன், ரேம் மறுபடி 333. அன்று சாயங்காலமே விண்டோஸ் ஒழுங்காக ஏறியது. பழி சுமந்த ப்ராசசர் அதற்கப்புறம் ஏழு வருஷம் ஓடியது. அதிலிருந்து ரேமை முதலில் சாதாரண வேகத்துக்கு இறக்கி ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் ப்ராசசரைத் தொடுவேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி சுத்தமாக ஓடாத மிஷினில் வேறு எதையும் நான் பேசுவதில்லை.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன். தப்பு என்னுடையது என்பதால் விவரமாகவே சொல்லலாம்.

2012 டிசம்பர். பக்கத்து ஊரில் கல்யாண வீடியோ, ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர். தை மாத முகூர்த்தங்கள் வருகின்றன, எடிட்டிங் மிஷின் வேகம் வேண்டும் என்றார். ஐ5-2500கே போட்டோம். 3.3 கிகாஹெர்ட்ஸ், ஆனால் பெருக்கல் எண் பூட்டாமல் வந்த சில்லு. பழைய காலம் மாதிரி துடிப்பைத் தொட வேண்டாம், ரேம் பக்கம் ஆபத்தில்லை. 45 என்று போட்டால் 4.5. வோல்ட்டேஜ் 1.32. கடையில் ராத்திரி முழுக்க பிரைம்95 ஓட்டினேன். பகா எண் தேடுவதற்காக எழுதப்பட்ட ப்ரோகிராம் அது. தனக்கு விடை தெரிந்த கணக்கையே ப்ராசசருக்குக் கொடுத்து, வந்த விடையைச் சரிபார்க்கும். சட்டி நழுவினால் '0.4-க்குக் கீழே இருக்க வேண்டிய ரவுண்டிங் 0.5 ஆகிவிட்டது' என்று ஒரு வரி எழுதிவிட்டு நிற்கும். எட்டு மணி நேரத்தில் அந்த வரி வரவில்லை. சூடு 72 டிகிரி. வெளியே பனி. பெருமையாக டெலிவரி கொடுத்தேன்.

ஏப்ரலில் போன் வந்தது. "ஏனுங்க, மறுபடியும் நீலமாயிருச்சுங்க. பொண்ணுக்குத் தாலி கட்டற எடத்துல நின்னுபோச்சு."

மிஷினைக் கடைக்குக் கொண்டுவந்து ராத்திரி ஓட்டினேன். ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி போன். மறுபடி கொண்டுவந்தேன், மறுபடி ராத்திரி, மறுபடி ஒன்றுமில்லை. "உங்க கடையில நல்லாத்தான் இருக்குது, எங்க ஊட்டுக்கு வந்தாத்தான் அழுவுது, மருமக மாதிரி" என்றார் அவர். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

நீலத் திரையின் எண் 124 என்று முடிந்தது. அது ப்ராசசரே தனக்குள் கண்ட பிழையைப் புகார் செய்வது. இந்தத் தலைமுறைச் சில்லுகளில் பெரும்பாலும் வோல்ட்டேஜ் பற்றாமை என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த குறிப்பு. எனவே ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து 1.32-ஐ 1.36 ஆக்கினேன். அதுவரை 40 நிமிஷம் தாங்கிய மிஷின் 15 நிமிஷத்தில் விழுந்தது.

அங்கேதான் விடை இருந்தது. வோல்ட்டேஜ் பற்றவில்லை என்றால், கூட்டினால் கொஞ்சமாவது கூடுதலாக நிற்க வேண்டும். கூட்டியதும் சீக்கிரம் விழுகிறது என்றால் சூடுதான் காரணம். எடிட்டிங் மிஷின் இருந்தது மாடியில், ஷீட் கூரைக்குக் கீழே. ஏசி இருந்தது கீழே, போட்டோ எடுக்கும் அறையில், வாடிக்கையாளருக்கு. மாடியில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மதியம் இரண்டரைக்கு 39 டிகிரி. என் கடையில் டிசம்பர் ராத்திரி 24 இருந்திருக்கும். அறைச் சூடு 15 டிகிரி கூடினால் ப்ராசசர் சூடும் குறைந்தது அதே 15 கூடும். 72 என்று நான் பெருமைப்பட்டது அங்கே 88, 89. வோல்ட்டேஜ் கூட்டிய பிறகு 95-ஐத் தொட்டது. சூடேறிய சில்லில் மின்கசிவு கூடும், கசிவு மேலும் சூடாக்கும், சூடான ட்ரான்சிஸ்டர் மெதுவாகும். மெதுவானதைச் சரிக்கட்ட வோல்ட்டேஜ் கேட்கும். வட்டிக்கு வட்டி கட்டுகிற கதை.

போர்டையும் தொட்டுப் பார்த்தேன். ப்ராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் ரெகுலேட்டர் பகுதியில் விரல் வைக்க முடியவில்லை. அதன் தலையில் அலுமினியத் தகடுகூட இல்லாத மலிவு போர்டு. தேர்ந்தெடுத்தவன் நான். ஒரு ப்ராசசர் எடுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்ட்டேஜோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். 3.3-ல் 1.2 வோல்ட் என்று வைத்து, 4.5-ல் 1.32 என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1.65 மடங்கு. அந்த போர்டைச் செய்தவன் இதை நினைத்திருக்க மாட்டான்.

4.2-க்கு இறக்கினேன், 1.24 வோல்ட். சூடு எழுபதுகளுக்கு வந்தது. மூன்று மணி, நான்கு மணி, விழவில்லை. ஒரு மணி நேர ரெண்டரிங்கில் இழந்தது நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்கு ஆசைப்பட்டுத்தான் மூன்று கல்யாண ஆல்பங்கள் தள்ளிப்போயின.

கதை முடிந்தது என்று வண்டியைக் கிளப்பிவிட்டேன். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மறுபடி போன். "இப்ப நீலமெல்லாம் வரலீங்க. பொட்டுனு ஆஃப் ஆயி ஆன் ஆகுது."

இந்த இரண்டும் வேறு வியாதி என்று புரிந்துகொள்வதற்குள் பலர் இன்னும் கொஞ்சம் வேகத்தை இறக்கி விடுவார்கள். நானும் இறக்கப் போனேன். பிறகு விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். கெர்னல் பவர் 41 என்ற பதிவு, அதற்குள் பிழை எண் இருக்க வேண்டிய இடத்தில் 0. அதாவது விண்டோஸுக்குப் புலம்பக்கூட நேரம் கிடைக்கவில்லை, காலுக்குக் கீழே தரை போய்விட்டது. நீலத் திரை வந்தால் ப்ராசசரையும் ரேமையும் பார், திரையே வராமல் செத்தால் மின்சாரத்தைப் பார். எழுதி ஒட்டி வைக்கலாம் போன்ற சட்டம், ஆனால் இதற்கும் விலக்கு உண்டு, பின்னால் வருகிறது.

காலை ஆறரைக்கே போய் உட்கார்ந்தேன். ப்ளக்கில் மல்டிமீட்டரைச் செருகி வைத்தேன். 221 வோல்ட். கரண்ட் ஒரு நிமிஷம் போய்விட்டு வந்தது. வந்த நொடியில் மீட்டர் 172-ஐக் காட்டியது. சுற்றிலும் தோப்புகள். ஆழத்தில் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டார்கள் எல்லாவற்றுக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் வந்ததும் ஒன்றாக எழும்பும். மோட்டார் ஒன்று எழும்பும்போது ஓடும்போது இழுப்பதைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கும். யு.பி.எஸ். 172-ஐப் பார்த்துப் பயந்து பேட்டரிக்குத் தாவியது. 'டிக்' என்ற ரிலே சத்தம். அதே 'டிக்'கில் மிஷின் ரீஸ்டார்ட்.

மிஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஒரு தடித்த கண்டன்சர் இருக்கும். கரண்ட் ஓரிரு சிட்டிகை நேரம் இல்லாமல் போனால் அதில் சேர்த்து வைத்ததைக் கொண்டு சமாளிக்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 16 மில்லி செகண்ட் தாங்கும், யு.பி.எஸ். தாவ அதற்குக் குறைவான நேரம் போதும். ஆனால் கண்டன்சரில் சேரும் சக்தி வோல்ட்டேஜின் வர்க்கம். 230-க்குப் பதில் 172 வந்தால் சேமிப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல். அதிலும் அடியில் கிடப்பதை உறிஞ்ச முடியாது. கூடவே ஸ்பீடு ஏற்றிய ப்ராசசர் இழுக்கிற இழுப்பு. 450 வாட் என்று லேபிள் ஒட்டிய மலிவுப் பெட்டிக்கு அந்த 'டிக்'கைத் தாண்ட முடியவில்லை. வேகம் ஏற்றாமல் இருந்திருந்தால் தாண்டியிருக்கும், அதனால்தான் பழைய மிஷினில் இந்தத் தொந்தரவே இல்லை. 100 முதல் 240 வரை எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைக் கோயமுத்தூரிலிருந்து வாங்கிவந்து மாட்டினேன், முன்னால் ஒரு ஸ்டெபிலைசர். அதற்கப்புறம் அந்தப் பெட்டி அவருக்கு 2021 வரை உழைத்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு நான் காசு வாங்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஸ்பீடு ஏற்றிய எந்தப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டின் உள்பக்கத்திலும் மார்க்கரால் எழுதிவிடுவேன்: வேகம், வோல்ட்டேஜ், ப்ராசசர் சூடு. கூடவே மாதம், அறைச் சூடு, ப்ளக்கில் இருந்த வோல்ட். கடைசி மூன்றும் இல்லாமல் முதல் மூன்றுக்கு அர்த்தமே இல்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் 4.5-ல் கல்லு மாதிரி நிற்கிறது என்று எழுதினால், அவர் அறை 20 டிகிரி, அவர் ப்ளக் ஆடாமல் நிற்கும். அவர் எண்ணை எடுத்து இங்கே போடுவது ஊட்டியில் விளைகிற கேரட்டைப் பார்த்து எருத்தேன்பதியில் விதைப்பதுதான். திரவ ஹீலியத்தில் முக்கி 2022-ல் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினார்கள். அது சாகசம், எனக்கும் பார்க்கப் பிடிக்கும். ஆனால் அந்த வேகம் ஒரு படம் பிடிக்கும் நேரத்துக்கு நின்றால் போதும். எனக்குத் தாலி கட்டும் இடம் தாண்டி, சாப்பாட்டுப் பந்தி வரை நிற்க வேண்டும்.

பாதி நேரம் வேகத்துக்கும் வியாதிக்கும் சம்பந்தமே இருக்காது. பெட்டியைத் திறந்தாலே தெரிந்துவிடும். ஹீட்சிங்க்குக்கும் ஃபேனுக்கும் நடுவில் செம்மண் தூசியும் தேங்காய் நாரும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும், ஒரே இழுப்பில் பாயாக உரித்து எடுக்கலாம். இன்டெல்லின் பழைய கூலரில் நாலு பிளாஸ்டிக் பின். அதில் ஒன்று சரியாக இறங்காமல் நின்றால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் பேஸ்ட் ஒரு பக்கம் கண்ணாடி போல மெலிந்தும் மறுபக்கம் வைத்தது வைத்தபடி குமிழாகவும் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் பல்லி. அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

முன்பு சொன்ன விலக்குக்கு வருகிறேன். 2024 ஏப்ரல், பாலக்காட்டில் வெயில் 41-ஐத் தாண்டி வெப்ப அலை எச்சரிக்கை விட்டிருந்த நாட்கள். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் ரைசன் 5600எக்ஸ் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, கேம் ஆடும்போது ஒண்ணுமே ஆகறதில்ல. அப்பாவுக்குக் கரண்ட் பில் கட்டலாம்னு ப்ரௌசரத் தொறந்தா ரீஸ்டார்ட் ஆகுது."

திரை நீலமாகவில்லை. என் பழைய சட்டப்படி மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ். நல்ல சரக்கு, ப்ளக் 218. பிரைம்95 இரண்டு மணி நேரம் ஓடியது, வெயிலிலும் அசையவில்லை. பயாஸைத் திறந்தேன், தெரிந்துவிட்டது. இந்தத் தலைமுறையில் வேகத்தைக் கூட்டுவதில்லை, கர்வ் ஆப்டிமைசரில் வோல்ட்டேஜைக் குறைக்கிறார்கள். குறைத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் சில்லு தானே வேகம் எடுத்துக்கொள்ளும். எங்கள் ஊருக்கென்றே செய்த வசதி. பையன் ப்ராசசரின் ஆறு கோருக்கும் மைனஸ் 30 போட்டிருந்தான், அதுதான் கடைசி எல்லை. எல்லாக் கோரும் சேர்ந்து உழைக்கும்போது எந்தக் கோரும் உச்ச வேகத்துக்குப் போகாது, அதனால் குறைந்த வோல்ட்டேஜிலும் தாங்கும். ப்ரௌசர் திறப்பது மாதிரிச் சின்ன வேலைக்கு ஒரே ஒரு கோர் மட்டும் எகிறி 4.6-ஐத் தொடும். அந்தத் தாவலில்தான் கால் இடறுகிறது. பளு தூக்கும் சோதனையில் இது அகப்படாது.

ஈவென்ட் வியூவரில் ஹார்டுவேர் பிழை 18 என்று இருந்தது, அதில் ப்ராசசர் ஐடி 6. ஒவ்வொரு கோருக்கும் இரண்டு ஐடி, பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். 6 என்றால் கோர் 3. அந்தக் கோரை மட்டும் மைனஸ் 15-க்குக் கொண்டுவந்தேன், மற்றதைத் தொடவில்லை. ஒவ்வொரு கோராகத் தனித்தனியே ஓட்டிப் பார்க்கும் கோர் சைக்ளரை ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தேன். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

காலையில் பையன் வந்தபோது நல்ல செய்தியைச் சொன்னேன். அவன் கேட்டது வேறு. "ஏனுங்ணா, இன்டெல் காரனுதெல்லாம் ஸ்பீடு ஏத்தாமயே விழுகுதாமே?" அந்த வருஷம் அதுதான் பேச்சு. 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் வாங்கிய வேகத்திலேயே தடுமாறின. சில்லு தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டு வாங்கியதும், அந்த வோல்ட்டேஜும் சூடும் சேர்ந்து துடிப்பை வினியோகிக்கும் சர்க்யூட்டைச் சீக்கிரம் கிழடாக்கியதும் காரணம் என்று அடுத்த சில மாதங்களில் இன்டெலே சொன்னது. மைக்ரோகோடைத் திருத்தியது, வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டியது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. 1.36-க்கு ஏற்றிய அந்த மதியம் நான் செய்ததும் அதுதானே, சின்ன அளவில்.

தகட்டைத் திருப்பி மார்க்கரால் எழுதினேன்: கோர் 3 மைனஸ் 15, மற்றது மைனஸ் 30, ஏப்ரல், அறை 37, ப்ளக் 218. பையன் எட்டிப் பார்த்தான்.

"மார்கழில கோர் 3-ஐயும் மைனஸ் 25-க்குக் கொண்டு போலாமுங்களா?"

"போயேன். பங்குனிக்கு முன்னாடி பெட்டியக் கொண்டாந்துரு."